கருப்பன் ஏன் தட்டுக்குப் போகவில்லை?

(புனே நகரம் கட்கியில், ஒரு தமிழ் வாசகர் வட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நான் ஒரு பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. போன வாரம் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தின வாரம் ரத்த சோகையைப் பற்றிப் பேசினோம். இன்று பூனையா என்று நினைக்கிறீர்கள்.

ஆமாம், பூனைதான். எங்கள் வீட்டுப் பூனை சாகக் கிடந்தது. அது எனக்கு ஒரு சேதி சொன்னது. எனக்கு அந்தச் சேதி புரியவில்லை. விளக்குமாற்றால் அடித்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஊரில் மண் இருந்தது

நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்கள். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கும் ராணுவ வேலைகளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல வந்தன. இங்கேயே தங்கிவிட்டன.

ஊரில் வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது. பூனை கொல்லைக்குப் போகும். முன்காலால் மண்ணைத் தோண்டும். ஒன்றுக்கோ இரண்டுக்கோ இருக்கும். பிறகு மண்ணைத் தள்ளி மூடும். ஒரு தடவை முகர்ந்து பார்க்கும். வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். பூனை எங்கே போகிறது என்று நம் பாட்டிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

இந்தப் பழக்கம் பூனைக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது அல்ல. அதன் முன்னோர் வறண்ட நாடுகளில் வாழ்ந்த காட்டுப் பூனைகள். அங்கே மணல்தான். மனிதன் தானியம் விதைத்துச் சேர்த்து வைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. அப்படித்தான் பூனை நம்மோடு சேர்ந்தது. சைப்ரஸ் என்ற தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு பழைய உறவு இது.

இப்போது நாம் எங்கே இருக்கிறோம்? இரண்டாம் மாடியில் இருக்கிறோம். கீழே டைல்ஸ். வெளியே சிமெண்டு. பூனைக்குத் தோண்ட மண் இல்லை. அதனால் ஒரு பிளாஸ்டிக் தட்டில் மணலைப் போட்டு வைக்கிறோம். கொல்லையை ஒரு தட்டுக்குள் கொண்டு வந்திருக்கிறோம்.

மேல்நாட்டிலும் முதலில் இப்படித்தான். மணலோ அடுப்புச் சாம்பலோ போட்டு வைப்பார்கள். பூனை சாம்பல் காலோடு வீடு முழுக்க நடக்கும். 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட் லோ என்பவர், ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் துகளைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தார். பூனைக்கு அது பிடித்தது. அதையே பையில் அடைத்து விற்க ஆரம்பித்தார். இன்று கடையில் பூனை மண் என்று பை பையாக விற்கிறார்களே, அது அங்கே தொடங்கியதுதான்.

கருப்பன் செய்தது என்ன?

எங்கள் பூனையின் பெயர் கருப்பன். கடுவன். வயது மூன்று. ஒரு மழைக்காலத்தில் நனைந்துகொண்டு வந்தான். மகள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். குளியலறை மூலையில் ஒரு தட்டு வைத்தோம். மணல் போட்டோம். ஒரே நாளில் பழகிக்கொண்டான். மூன்று வருடம் ஒரு தொல்லையும் இல்லை.

ஒரு ஏப்ரல் மாதம். நல்ல வெயில். ஒருநாள் காலையில் வாசல் மிதியடியில் மூத்திரம் போயிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. ஒரு போடு போட்டேன். மிதியடியை அலசினேன். தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். அவன் தட்டையும் பினாயிலில் கழுவி வைத்தேன்.

மறுநாள் மடித்து வைத்த துணியின் மேல் உட்கார்ந்தான். பிறகு தட்டுக்குப் போனான். உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். ஐந்தாறு தடவை அப்படிச் செய்தான். ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்தேன். கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். சாயங்காலம் தரையில் இரண்டு சொட்டு இருந்தது. லேசான சிவப்பு. எங்கேயோ அடிபட்டிருக்கும் என்று துடைத்துவிட்டேன்.

வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "அது கெட்டுப் போச்சு. நாளைக்குச் சாக்கில் போட்டுச் சந்தையில் விட்டுட்டு வர்றேன்" என்றார். சாக்கையும் எடுத்து வைத்தார். நான் மறுத்துப் பேசவில்லை. மகள் மட்டும் அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் கருப்பன் சாப்பிடவில்லை. வாந்தி எடுத்தான். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். தூக்கப் போனால் கத்தினான். அது அவன் வழக்கமான குரல் இல்லை.

அப்போது பக்கத்து வீட்டு ஆஜி வந்தார். மராத்திக்காரர். வயதானவர். கடுவன் பூனைக்கு மராத்தியில் போகா என்று பெயர். ஆஜி கேட்டது ஒரே கேள்விதான். "உன் போகா கடைசியாக நன்றாக மூத்திரம் போனது எப்போது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மிதியடியில் போனான். துணியில் போனான். எல்லாம் திட்டினேன். எவ்வளவு போனான் என்று பார்க்கவில்லை.

"எங்கள் போகாவும் இப்படித்தான் போய்விட்டது. உடனே டாக்டரிடம் கொண்டு போ" என்றார் ஆஜி.

காய்கறிக் கூடையில் துண்டை விரித்தோம். கருப்பனை வைத்து மூடினோம். ஆட்டோ பிடித்தோம். வீட்டுக்காரர்தான் கூடையை மடியில் வைத்துக்கொண்டார். எடுத்து வைத்த சாக்கு வீட்டு மூலையில் கிடந்தது.

டாக்டர் சொன்னது

கால்நடை டாக்டர் கருப்பனின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "மூத்திரப் பை கல் மாதிரி இருக்கிறது. வழி அடைத்துவிட்டது. ராத்திரியிலிருந்து அடைத்திருக்கும்" என்றார்.

அவர் விளக்கிச் சொன்னார். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகவும் குறுகல். மூத்திரத்தில் மணல் போன்ற துகள் சேரும். சளி போன்ற கசடும் சேரும். சில சமயம் அது குழாயை அடைத்துவிடும். அடைத்தால் மூத்திரம் வெளியே வராது. கழிவு ரத்தத்தில் ஏறும். சிறுநீரகம் பழுதாகும். கடைசியில் இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

"இன்னும் அரை நாள் போயிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது அம்மா" என்றார்.

மயக்க மருந்து கொடுத்தார்கள். மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். கருப்பன் பிழைத்தான்.

டாக்டர் சொன்னதில் ஒன்றை நான் மறக்கவே மாட்டேன். "பூனை வீம்புக்காக வெளியே போகாது அம்மா. பழிவாங்கத் தெரியாது அதற்கு. தட்டை விட்டு வெளியே போனால் ஏதோ காரணம் இருக்கிறது. முதலில் நோயா என்று பாருங்கள்" என்றார்.

எந்தெந்த நோய் என்று கேட்டேன். சொன்னார். மூத்திரப் பையில் புண், கல், கிருமி. வயதான பூனைக்குச் சிறுநீரக நோய், சர்க்கரை நோய். மூட்டு வலி இருந்தால் உயரமான தட்டுக்குள் ஏற முடியாது. மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் தட்டுக்கு வெளியே போகும்.

எனவே இந்த அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறதா?
சொட்டுச் சொட்டாகப் போகிறதா?
மூத்திரத்தில் ரத்தம் தெரிகிறதா?
மூத்திரம் போகும்போது கத்துகிறதா?
அடிப்பக்கத்தை ஓயாமல் நக்குகிறதா?

ஏதாவது ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கடுவன் முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும். இரவாக இருந்தாலும் போக வேண்டும்.

இன்னொன்று. நாம் சாப்பிடும் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

தனியார் டாக்டருக்குப் பணம் ஆகும் என்று பயப்படுகிறவர்கள் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். புனேயில் அவுந்த் பகுதியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

பிழைத்து வந்த பிறகும்

கருப்பன் வீட்டுக்கு வந்தான். சந்தோஷப்பட்டோம். ஆனால் மறுபடியும் தட்டுக்குப் போகவில்லை! தட்டைப் பார்த்தாலே பின்வாங்கினான். குளியலறைக்கு வெளியே நின்று கத்தினான். கட்டில் பக்கத்தில் போய்விட்டான்.

இப்போது நான் அடிக்கவில்லை. எவ்வளவு போயிருக்கிறான் என்று முதலில் பார்த்தேன். நிறையப் போயிருந்தான். அப்பாடா என்று இருந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

அவர் சொன்னார். "அந்தத் தட்டில் உட்கார்ந்தபோதுதான் அதற்கு வலித்தது. தட்டுதான் வலி கொடுத்தது என்று பூனை நினைக்கிறது. அதோடு நீங்கள் தட்டைப் பினாயிலில் கழுவியிருக்கிறீர்கள். அந்த வாடை அதற்கு ஆகாது. தட்டை மாற்றுங்கள். இடத்தை மாற்றுங்கள்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்று நாமே பழமொழி சொல்கிறோம். அது தட்டுக்கும் பொருந்தும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

புதிய தட்டு வாங்கினேன். வாசனை இல்லாத மெல்லிய மணல் போட்டேன். குளியலறையில் வைக்கவில்லை. ஜன்னல் ஓரம், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்தேன். முதல் நாள் முகர்ந்து பார்த்தான். போய்விட்டான். இரண்டாம் நாள் ஒரு காலை வைத்தான். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான்காம் நாள் காலையில் மணல் குவிந்திருந்தது. மகள் கைதட்டினாள். நான் அவளை அடக்கினேன். "சத்தம் போடாதே, பயந்துவிடுவான்" என்றேன்.

தட்டை எப்படி வைக்க வேண்டும்?

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டு பெரியதாக இருக்க வேண்டும். பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். உள்ளே நின்று திரும்ப வேண்டும் அல்லவா? துணி ஊற வைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பே போதும். குட்டிக்கும் வயதான பூனைக்கும் ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிவிடுங்கள். வெட்டிய ஓரம் காலைக் கிழிக்காமல் தேய்த்துவிடுங்கள்.

மணல் இரண்டு அங்குல உயரம் இருக்கட்டும். கடை மண் வாங்க முடியாதவர்கள் சலித்த மணல் போடலாம். மரத்தூள் போடலாம். பழைய செய்தித்தாளைக் கிழித்தும் போடலாம். ஆனால் அடிக்கடி மாற்றாதீர்கள். மாற்ற வேண்டும் என்றால் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். வாசனை போட்ட மண் நமக்குப் பிடிக்கும். பல பூனைகளுக்குப் பிடிக்காது.

இடம் அமைதியாக இருக்க வேண்டும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம். ஆட்கள் வந்து போகும் வழியில் வேண்டாம். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. சாப்பிடும் இடத்தில் நாம் கழிப்பறை வைப்போமா? கதவை அடைத்துவிட்டுப் பூனை உள்ளே போக முடியாமல் செய்யக் கூடாது.

ஒரு பூனைக்கு இரண்டு தட்டு நல்லது. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. அதாவது பூனைக் கணக்கோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஒற்றை அறை வீட்டில் மூன்று தட்டு எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இடம் இல்லை என்றால் ஒரு பூனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருக்கும் தட்டை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள்.

தினமும் இரண்டு வேளை அழுக்கை அள்ளிவிடுங்கள். வாரம் ஒருமுறை எல்லா மணலையும் கொட்டிவிட்டுத் தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். நாறுகிற கழிப்பறைக்கு நாமே போக மாட்டோம். பூனையின் மூக்கு நம் மூக்கைவிடக் கூர்மையானது.

தண்ணீர் நிறைய வையுங்கள். பூனை இயற்கையிலேயே குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். புனேயின் ஏப்ரல், மே வெயிலில் இரண்டு மூன்று இடங்களில் கிண்ணம் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். உலர்ந்த தீனி மட்டும் போடாமல் ஈரமான உணவும் கொடுங்கள். மூத்திரம் நீர்த்துப் போனால் அடைப்பு வரும் வாய்ப்பு குறையும்.

கறையை எப்படிப் போக்குவது?

பூனை போன இடத்தில் வாடை மிச்சம் இருந்தால் அங்கேயே மறுபடி போகும். அதனால் நன்றாகப் போக்க வேண்டும். ஆனால் பினாயில் வேண்டாம். பினாயில் பூனைக்கு நஞ்சு. பூனை பினாயில் தரையில் நடக்கும். பிறகு காலை நக்கும். அது வயிற்றுக்குள் போகும். நான் இது தெரியாமல் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினேன்.

முதலில் ஈரத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சமையல் சோடாவைத் தூவிச் சற்று நேரம் கழித்துத் துடையுங்கள். பூனை வாடைக்கென்றே விற்கும் திரவமும் கடையில் கிடைக்கிறது. அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அது மூத்திர வாடை மாதிரியே இருக்கும். பிளீச்சிங் தண்ணீரை மூத்திரத்தின் மேல் ஊற்றாதீர்கள். மூச்சைத் திணற வைக்கும் வாயு கிளம்பும்.

பூனையின் மூக்கை அதன் மூத்திரத்தில் வைத்துத் தேய்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. எதற்காக அடி விழுகிறது என்று பூனைக்குத் தெரியாது. நம்மைக் கண்டு பயப்படும். பயந்த பூனை மறைவான இடம் தேடிப் போகும். கட்டிலுக்கு அடியில்தான் போகும்.

நோயும் இல்லை, தட்டும் சுத்தம் என்றால்?

அப்போது வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். புது வீட்டுக்கு வந்தீர்களா? குழந்தை பிறந்ததா? விருந்தாளி வந்தார்களா? இன்னொரு பூனை வந்ததா? தீபாவளி வெடியா? பூனை மாற்றத்துக்கு மிரளும். அதற்கு ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி கொடுங்கள். சோறு வைக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். சில நாளில் தெளியும். தெளியவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். மிரட்சியாலேயே சில பூனைகளுக்கு மூத்திரப் பையில் புண் வருவதும் உண்டு.

இன்னொரு வகை இருக்கிறது. பூனை நின்றுகொண்டே வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சும். அது கழிப்பது இல்லை. "இது என் இடம்" என்று குறி வைப்பது. கடுவன்கள்தான் அதிகம் செய்யும். காயடித்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

நம் உடம்பும் முக்கியம்

கர்ப்பமாக இருக்கும் பெண்கள் பூனைத் தட்டைத் தொட வேண்டாம். வீட்டில் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும். பூனை மலத்தில் ஒருவகைக் கிருமி இருக்கலாம். அது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். இந்தக் கிருமி மலத்தில் வெளியே வந்ததும் தொற்றாது. ஒருநாளாவது ஆக வேண்டும். அதனால் தினமும் தட்டைச் சுத்தம் செய்தால் ஆபத்து குறைவு. இதற்காகப் பூனையை விரட்ட வேண்டியது இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். இதே கிருமி சரியாக வேகாத கறியிலும் கழுவாத காய்கறியிலும் இருக்கலாம்.

பூனை கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் வேண்டாம். ரேபிஸ் நாயால் மட்டும் வருவது இல்லை. பூனையாலும் வரும். உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள்.

தட்டில் அள்ளியதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அடைத்துக்கொள்ளும். செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். புனேயில் வீடு வீடாக வந்து குப்பை எடுப்பவர்களில் பலர் ஸ்வச்ச் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். அவர்கள் குப்பையைக் கையால் பிரிக்கிறார்கள். நம் பூனையின் அழுக்கு அவர்கள் கையில் படக் கூடாது. அது நம் பொறுப்பு.

அக்கம்பக்கம் என்ன சொல்லும்?

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஹடப்சரில் ஒரு அடுக்குமாடி வீட்டைப் பற்றிச் செய்தி வந்தது. பலர் கேட்டிருப்பீர்கள். ஒரே வீட்டில் 300-க்கும் மேல் பூனைகள். நாற்றம் தாங்கவில்லை, சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்புக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். மாநகராட்சி போய்ப் பார்த்தது. பூனைகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது.

அன்பு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது ஒரு பாடம். 300 பூனைக்கு எத்தனை தட்டு வேண்டும்? நம் கணக்குப்படி 301 தட்டு! யாரால் முடியும்? எந்தப் பூனை முக்குகிறது, எந்தப் பூனைக்கு ரத்தம் போகிறது என்று யாரால் பார்க்க முடியும்?

பூனை வேகமாகப் பெருகும். பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். சினைக் காலம் சுமார் இரண்டு மாதம்தான். ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டி. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. அதனால் கடுவனுக்கும் பெட்டைக்கும் கருத்தடை செய்துவிடுங்கள்.

2022-ஆம் ஆண்டு நவம்பரில் புனே மாநகராட்சி ஒரு விதியை ஏற்றது. நாயைப் போலப் பூனையையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய் என்று வைத்தது. நம் கட்கி கண்டோன்மென்ட் வேறு நிர்வாகம். நீங்கள் இருக்கும் பகுதி யாருடைய நிர்வாகமோ, அந்த அலுவலகத்தில் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலகையில் எழுதியிருப்பதை இப்போது நாமே படிக்கிறோமே!

சாக்கில் போட்டு விட்டுவிட்டு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சட்டப்படி குற்றம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. வளர்த்த பிராணியைப் பட்டினியில் வாடும்படி கைவிடக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வீட்டுப் பூனைக்குச் சந்தையில் பிழைக்கத் தெரியாது. மற்றப் பூனைகள் அடித்து விரட்டும். நாய் கடிக்கும். வளர்க்கவே முடியவில்லை என்றால் நல்ல வீடு பார்த்துக் கொடுங்கள்.

கடைசியாக

நண்பர்களே, இவ்வளவு நேரம் கேட்டீர்கள். எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாவிட்டாலும் இந்த வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். பூனை தட்டை விட்டு வெளியே போனால் முதலில் மூத்திரம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது தட்டைப் பாருங்கள். மூன்றாவது வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். விளக்குமாற்றை எடுக்காதீர்கள்.

கருப்பனுக்கு இப்போது ஐந்து வயது. தினமும் காலையில் அவன் தட்டை அள்ளுவது யார் தெரியுமா? எங்கள் வீட்டுக்காரர்தான். அள்ளிவிட்டு, "இன்னைக்கு நல்லாப் போயிருக்கான்" என்று என்னிடம் சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அடுப்பில் டீ வைக்க மனசு வரும்.

அந்தச் சாக்கில் இப்போது வெங்காயம் இருக்கிறது.